ஜப்பான் ரோபோ சங்கம் உண்மையில் என்ன செய்தது?

கோவையில் வால்வு பாகங்கள் கடையும் சிறு பட்டறை வைத்திருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது: ஜப்பானில் ரோபோ கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், அரசு எல்லோரையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்த சங்கம் ஒன்று இருக்கிறதாமே, அதனால்தான் அந்த நாடு முன்னேறியதா? நமக்கும் அப்படி ஒன்று வந்தால் என் மாதிரி ஆளுக்கு என்ன கிடைக்கும்? அதுவரை காத்திருக்கவா, இப்போதே பழைய ரோபோ ஒன்றை வாங்கிப்போடவா? இதை இரண்டு மூன்று தடவை படித்தேன். சங்கத்தின் கதை உங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். பெரிய கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடத்தில் சின்னப் பட்டறைக்காரனுக்கு ஏதாவது பங்கு வருமா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் ரோபோ தயாரிப்பவன் இல்லை. வந்து இறங்கும் ரோபோவை லைனில் நிறுத்தி, பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை மாட்டி, வேலி போட்டு, ஓட வைத்து ஒப்படைக்கிற வேலை என்னுடையது. இன்டகிரேட்டர் என்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழில். முதல் ஐந்து வருஷம் ஜப்பானில், நகோயா பக்கம். மற்றதெல்லாம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர். அதனால் ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்ததை உறுதியாகச் சொல்ல முடியும். அமைச்சகத்தின் அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது என் எல்லைக்கு வெளியே.

முதலில் பதிவில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை ரோபோ பிறந்தது அமெரிக்காவில். யூனிமேட் என்ற இயந்திரம் 1961ல் நியூ ஜெர்சியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்தது. அதை வியாபாரமாக்கிய ஜோசப் எங்கல்பர்கர் சில வருஷம் கழித்து டோக்கியோவில் பேசப் போனபோது நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் நிர்வாகிகளும் கேட்க வந்தார்கள். 1968ல் கவாசாகி நிறுவனம், யூனிமேட்டைச் செய்த யூனிமேஷன் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, அடுத்த வருஷமே ஜப்பானில் ரோபோ செய்துவிட்டது. அதன் பிறகு பல கம்பெனிகள் இந்தத் தொழிலில் குதித்தன. 1971 மார்ச்சில் அவர்கள் ஒரு கலந்துரையாடல் குழுவாகக் கூடினார்கள். 1972 அக்டோபரில் அது ஜப்பான் தொழில்துறை ரோபோ சங்கம் ஆனது. ஜிரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1973ல் சட்டப்படி பதிவானது. அதே வருஷம் டோக்கியோவில் முதல் சர்வதேச ரோபோ கண்காட்சி நடந்தது. 1994ல் பெயரில் இருந்த 'தொழில்துறை' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அப்போதிருந்து ஜாரா.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ரோபோ தொழிலுக்கு அப்போது மூன்று நாலு வயதுதான். லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பங்கு போட எதுவும் இல்லாத காலத்திலேயே போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். சந்தை பெரிதாகி, ஆளுக்கொரு கோட்டை கட்டிய பிறகு அழைத்திருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்படியானால் ஜப்பானின் வளர்ச்சிக்குச் சங்கம்தான் காரணமா? இங்கே நிதானமாகப் பேச வேண்டும். 1960களின் கடைசியில் ஜப்பானில் ஆள் பஞ்சம். கார் தொழிற்சாலைகள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்தன, ஸ்பாட் வெல்டிங்குக்கு ஆள் கிடைக்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரை அழைக்க நாடு தயாராக இல்லை. பெரிய கம்பெனிகளில் வாழ்நாள் வேலை என்ற வழக்கம் இருந்ததால், ரோபோ வந்தால் நம்மை வேறு வேலைக்கு மாற்றுவார்கள், வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்று தொழிலாளி நம்பினார். இத்தனையும் சேர்ந்த இடத்தில் சங்கம் இல்லாவிட்டாலும் ரோபோ பெருகியிருக்கும் என்றே நினைக்கிறேன். சங்கம் செய்தது, அந்தப் பெருக்கம் பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் கீழே வரை வரச் செய்ததுதான். இது என் கணிப்பு. வேறு மாதிரி வாதிடுகிறவர்களும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை, எண்ணிக்கை பற்றி. 1970, 80களின் கட்டுரைகளில் ஜப்பானில் அமெரிக்காவைப் போலப் பல மடங்கு ரோபோக்கள் என்று படித்திருப்பீர்கள். ஜிரா ரோபோக்களை ஆறு வகையாகப் பிரித்தது. கையால் இயக்கும் மானிபுலேட்டர், மாற்ற முடியாத வரிசையில் ஓடுவது, வரிசையை மாற்றக்கூடியது, ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் அப்படியே திரும்பச் செய்யும் பிளேபேக் வகை, எண் கட்டுப்பாட்டு வகை, தானாக உணர்ந்து செயல்படும் வகை. அமெரிக்க ரோபோ சங்கமோ, புரோகிராமைத் திரும்ப மாற்றி எழுதக்கூடியதை மட்டுமே ரோபோ என்றது. உங்கள் பட்டறையில் ஒரு துண்டை எடுத்து அங்கே வைக்கிற, காற்றழுத்தத்தில் ஓடும் நியூமாட்டிக் கை இருந்தால், ஜப்பான் கணக்கில் அது ரோபோ, அமெரிக்கக் கணக்கில் இல்லை. அதனால் அந்தக் காலத்து ஒப்பீடுகளை அப்படியே நம்பாதீர்கள். 1987ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச ரோபோ கூட்டமைப்பை உருவாக்கின. ஒரே வரையறையில் அது தரும் எண்ணிக்கையைத்தான் இன்று எல்லோரும் பார்க்கிறோம். 2024ல் உலகம் முழுக்கப் புதிதாக நிறுவப்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் சுமார் 5,42,000. அதில் சீனா சுமார் 2,95,000, ஜப்பான் சுமார் 44,500, இந்தியா சுமார் 9,100.

சரி, சின்ன ஆளுக்கு என்ன கிடைத்தது? எனக்குத் தெரிந்து மிகப் பெரிய பலன் 1980ல் வந்தது. அந்த வருஷத்தை ஜப்பானியர் ரோபோ பரவலின் முதல் ஆண்டு என்றே குறிப்பிடுவார்கள். சங்கத்தின் முயற்சியில் ஏப்ரல் மாதம் ஜாரோல் என்று ஒரு ரோபோ லீஸ் கம்பெனி தொடங்கினார்கள். ரோபோ தயாரிப்பாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து முதல் போட்டார்கள். அரசின் வளர்ச்சி வங்கி குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர் மாத வாடகைக்கு ரோபோ எடுக்கலாம். ரோபோ வாங்குகிறவர் முதல் வருஷத்திலேயே கூடுதல் தேய்மானம் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் அப்போது வழி செய்தார்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்னப் பட்டறைக்கு ரோபோவின் விலையைவிடப் பெரிய பயம், வாங்கிப் போட்ட பிறகு ஆர்டர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான். அந்தப் பயத்தை லீஸ் வாங்கிக்கொண்டது. தனி ஒரு கம்பெனி இதைச் செய்தால் தன் ரோபோவைத்தான் தள்ளும். எல்லோரும் பங்கு போட்ட கம்பெனி என்பதால் வேலைக்கு எது பொருந்துமோ அதை எடுக்க முடிந்தது.

சங்கத்தின் ஆய்வு வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். உறுப்பினர் சந்தாவோடு, சைக்கிள் பந்தயத்தில் கட்டப்படும் பணத்தில் ஒரு பங்கும் வந்தது. அந்தப் பங்கு இயந்திரத் தொழிலின் வளர்ச்சிக்குப் போக வேண்டும் என்பது ஜப்பானில் போர் முடிந்த சில வருஷங்களில் வந்த சட்டம். எந்த அமைச்சர் மாறினாலும் வற்றாத ஒரு சின்ன ஊற்று அது. தரநிலை எழுதுவது, புள்ளிவிவரம் சேர்ப்பது போன்ற, யாரும் கைதட்டாத வேலைகள் நாற்பது ஐம்பது வருஷம் நிற்காமல் நடக்க இப்படி ஒரு ஊற்று வேண்டும்.

தரநிலை என்றதும் எனக்கு ஒரு சனிக்கிழமை மாலை நினைவுக்கு வருகிறது. நகோயாவுக்கு வெளியே ஒரு பாகத் தொழிற்சாலை. லைனில் நின்ற ஆறு அச்சு ரோபோ ஒன்றில் மோட்டார் போய்விட்டது. திங்கட்கிழமை காலை பாகம் போயாக வேண்டும். மாற்றாகக் கிடைத்தது வேறொரு கம்பெனியின் ரோபோ. என் மூத்தவர் ஆலன் கீயை என் கையில் கொடுத்து, கிரிப்பரைக் கழற்றி இதில் மாட்டு என்றார். பொருந்தாது என்றுதான் நினைத்தேன். கையின் நுனியில் கிரிப்பர் மாட்டும் தட்டான ஃபிளாஞ்ச்சைப் பார்த்தால், ஐம்பது மில்லிமீட்டர் வட்டத்தில் நாலு எம்6 துளை, நிலை மாறாமல் பிடிக்க ஒரு டோவல் பின் துளை. பழைய ரோபோவிலும் அதே. பின்னைத் தட்டி, நாலு போல்ட்டைக் குறுக்கு வரிசையில் இறுக்க, பத்து நிமிஷத்தில் கிரிப்பர் உட்கார்ந்துவிட்டது. ஐஎஸ்ஓ 9409 என்ற தரநிலை அது. இப்படிப்பட்ட தரநிலைகளுக்கான சர்வதேசக் குழுவில் ஜப்பான் தரப்பு வேலையை ஜாராதான் செய்துவருகிறது.

ஆனால் அன்று இரவு முழுக்கவும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் நாங்கள் தூங்கவில்லை. புரோகிராமை அந்த வேறு கம்பெனியின் மொழியில் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. கவாசாகிக்கு ஏஎஸ், யாஸ்காவாவுக்கு இன்ஃபார்ம், மிட்சுபிஷிக்கு மெல்ஃபா பேசிக் என்று ஆளுக்கொரு மொழி. பொது மொழிக்கு முயற்சி நடக்காமல் இல்லை. ஸ்லிம் என்ற பொது ரோபோ மொழி 1992ல் ஜப்பான் தேசியத் தரநிலையாகவே வந்தது. டென்சோ தன் மொழியை அதன் மேல் கட்டியது. மற்றப் பெரிய கம்பெனிகள் தங்கள் மொழியை விடவில்லை. பிறகு ஓரின் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மொழி எதுவானாலும் வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் ஒரே மாதிரி ரோபோவோடு பேசலாம் என்பது யோசனை. அதுவும் ஓரளவுக்குத்தான் பரவியது.

இந்த இரண்டு நாளில் கற்றதை இத்தனை வருஷமும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எதைப் பொதுவாக்கினால் யாருக்கும் வாடிக்கையாளர் போகமாட்டாரோ, அது சங்கத்தில் எளிதாகப் பொதுவாகிறது. போல்ட் துளை அப்படி. மொழி அப்படி இல்லை. ஒரு மொழியில் பழகிய ஆபரேட்டர்கள் நாற்பது பேர் இருக்கும் தொழிற்சாலை அடுத்த ரோபோவையும் அதே கம்பெனியிடம்தான் வாங்கும். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எந்தச் சங்கமும் தன் உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது. நாளைக்கு இங்கே ஒரு சங்கம் வந்தாலும் இதே கோட்டில்தான் வந்து நிற்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் கதை வேறு, ஏனென்றால் அங்கே சட்டம் வந்தது. 1981ல் ஜப்பான் ஆலை ஒன்றில் ரோபோவைச் சரிபார்க்க வேலிக்குள் போன தொழிலாளி அதன் கையில் சிக்கி இறந்துபோனார். 1983ல் தொழில் பாதுகாப்பு விதியில் ரோபோவுக்கென்றே பகுதிகள் சேர்த்தார்கள். ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத் தனிப் பயிற்சி கட்டாயம், ஓடும் ரோபோவைச் சுற்றி வேலி கட்டாயம். எல்லா மோட்டாரும் 80 வாட்டுக்குள் இருந்தால் விலக்கு. பிறகு மனிதனோடு பக்கத்தில் நின்று வேலை செய்யும் ரோபோக்கள் வந்தன. அவற்றுக்கு இந்த 80 வாட் கோடு பெரிய தடையாக இருந்தது. ஆபத்தை முறையாக மதிப்பிட்டுக் குறைத்திருந்தால் வேலி வேண்டாம் என்று 2013 டிசம்பரில் விளக்கம் வந்தது. இந்த மாதிரி மாற்றம் தனிக் கம்பெனி கேட்டு வருவதில்லை. தொழில் முழுவதும் ஒரே குரலில், தரநிலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் வரும்.

விதி காகிதத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு தொழிற்சாலையில் ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கும் கைப்பெட்டியான டீச் பென்டன்ட்டின் பின்பக்க சுவிட்ச்சைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். விரல் வலிக்கிறது என்று பயிற்சிக்கு வந்த பையன் ஒட்டியிருந்தான். பயந்துபோய் விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கினாலும் நிற்கும், நடுவில் மென்மையாகப் பிடித்தால் மட்டுமே ரோபோ நகரும் என்ற மூன்று நிலை சுவிட்ச் அது. எங்கேயோ செத்தவர்களின் பாடம் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. அதை டேப் போட்டு மூடிவிட்டால் உள்ளே நிற்பவருக்கு ஒரு காப்பும் இல்லை. நானே உட்கார்ந்து அந்த டேப்பைப் பிரித்து எடுத்தேன். அன்று முதல் ரோபோவும் வேலியும் சேர்ந்த எந்த செல்லை ஒப்படைத்தாலும் முதல் மணி நேரப் பயிற்சி இந்த சுவிட்ச்சைப் பற்றித்தான்.

ஆராய்ச்சியும் தொழிலும் கைகோப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் ஜப்பானின் அனுபவம் பெருமையும் வலியும் கலந்தது. 1973ல் வபாட்-1 என்ற மனித உருவ ரோபோவைச் செய்த வசேதா பல்கலைக்கழகத்தின் இச்சிரோ கதோ போன்றவர்கள் தொழிலோடு நெருங்கி நின்றார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஜப்பான் ரோபோடிக்ஸ் சொசைட்டி 1983ல் தனியாகப் பிறந்தது. அதே வருஷம் வர்த்தக அமைச்சகம், அணு உலை, ஆழ்கடல், தீ விபத்து போன்ற இடங்களுக்கான ரோபோக்களைச் செய்ய ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. 1990 வரை நடந்தது, சுமார் 2,000 கோடி யென் செலவானது. பெரிய கம்பெனிகள் பலவும் அதில் இருந்தன. அருமையான மாதிரிகள் வந்தன. திட்டம் முடிந்ததும் வாங்க ஆள் இல்லை. 1999ல் தோக்காய்முரா அணு விபத்துக்குப் பிறகு மறுபடியும் பணம் ஒதுக்கி ரோபோக்கள் செய்தார்கள். மின் கம்பெனிகள் எங்களுக்குத் தேவைப்படாது என்றன. 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து. ஏப்ரல் 17 அன்று உலைக் கட்டடத்துக்குள் முதலில் நுழைந்தது அமெரிக்காவின் பேக்பாட் ரோபோ. சிபா தொழில்நுட்பக் கழகமும் தோஹோகு பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய குயின்ஸ் உள்ளே போனது ஜூன் மாதம்.

அந்தச் செய்தி வந்தபோது நான் ஊர் திரும்பியிருந்தேன். என் பழைய மூத்தவர் தொலைபேசியில், நம்மிடம் இருந்தது, வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கூரை அமைப்பு ஆராய்ச்சியாளரையும் தயாரிப்பாளரையும் சேர்த்துவைக்கும். வாங்குகிறவர் அந்தக் கூரைக்குள் இல்லாவிட்டால் மாதிரி இயந்திரம் கிடங்கில்தான் தூங்கும். பேக்பாட்டுக்குப் பின்னால் வருஷா வருஷம் வாங்கும் ஒரு ராணுவம் இருந்தது. குயின்ஸுக்கு அப்படி யாரும் இல்லை.

இப்போது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. 2018ல் ஜாராவின் கூரைக்குள்ளேயே இன்டகிரேட்டர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். என் தொழிலைச் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள்தான் உறுப்பினர்கள். ஒப்பந்தம் எப்படி எழுதுவது, ஆளை எப்படிப் பயிற்றுவது, எந்த இடத்தில் தாமதம் வருகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். பள்ளி மாணவர்களை ரோபோ மையங்களுக்கு வரவழைத்து, இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசனைப் போட்டி நடத்துகிறார்கள். ரோபோ ஒன்றின் விலை அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவே, கிரிப்பருக்கும் வேலிக்கும் புரோகிராமுக்கும் ஆகிறது. சின்னப் பட்டறை தடுக்கி விழுகிற இடம் இதுதான். இதைச் சங்கம் கவனிக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆனது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தியாவில் என்ன இருக்கிறது? 2011ல் தொடங்கிய ரோபோடிக்ஸ் சொசைட்டி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாநாடு நடத்துகிறது, 2019ல் சென்னை ஐஐடியில் நடந்தது. அது முதன்மையாக ஆராய்ச்சியாளர்களின் மேடை. 2018 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் டெல்லி ஐஐடியில் மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கான மையமும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆர்ட்பார்க் என்ற ரோபோ, செயற்கை நுண்ணறிவு மையமும் வந்தன. 2023ல் தேசிய ரோபோ உத்திக்கான வரைவு வெளியானது. இவை நல்ல ஆரம்பம். ஜாரோல் மாதிரி, பட்டறைக்காரரின் பயத்தைத் தன் தோளில் வாங்குகிற ஏற்பாடுதான் என் கண்ணில் பெரிய குறை.

ஆனால் கோவைக்காரரான உங்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. பம்ப் தயாரிப்பாளர்கள் சந்தையில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டே, சீமா என்ற பொறியியல் தயாரிப்பாளர் சங்கத்தின் வழியாகச் சிடார்க் என்ற பொதுச் சோதனைக்கூடத்தை உருவாக்கினார்கள். தனித்தனியாக யாராலும் கட்ட முடியாத சோதனை மேடையை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வால்வு பட்டறைகள் பத்து பேர் சேர்ந்து ஒரு பயிற்சி செல் வைத்தால், ஒரு ரோபோ, இரண்டு மூன்று கிரிப்பர், ஒரு முழுநேர ஆள், அதுவே தொடக்கத்துக்குப் போதும். டெல்லியிலிருந்து உத்தரவு வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அந்தப் பழைய ரோபோ. வாங்கலாம், ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். ஃபிளாஞ்ச் ஐஎஸ்ஓ அளவா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கிரிப்பருக்கும் இடைத்தட்டு கடைய வேண்டிவரும். கையின் நிலையைக் கணக்கில் வைக்கும் என்கோடரின் பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள், அது செத்திருந்தால் ரோபோ தன் தொடக்க நிலையை மறந்திருக்கும். கன்ட்ரோலருக்கு உதிரி போர்டு இன்னும் கிடைக்கிறதா, அந்த மொழி தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்புறம் பென்டன்ட்டைக் கையில் வாங்கி, பின் சுவிட்ச்சைப் பாதி அழுத்தி, வேலிக்கு வெளியே நின்று ரோபோவை மெதுவாக நகர்த்துங்கள். நகரும்போதே சுவிட்ச்சை முழுப் பலத்தோடு இறுக்குங்கள். அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த ரோபோவை எடுக்காதீர்கள்.